படகுக்கு ஒரு பெயர்



இராமேசுவரம் செல்லும் பேருந்தில் சன்னலோர இருக்கை உங்களுக்கு வாய்த்தால், மண்டபம் கடந்ததும் சற்று விழிப்பாக இருங்கள். 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தின் மீது பேருந்து ஏறியவுடன் வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் கண்ணுக்கு விருந்தாகும். 1914 முதல் இரயிலைச் சுமந்து 2022இல் ஓய்வு பெற்ற பழைய பாலத்தையும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய தூக்குப் பாலத்தையும் பார்ப்பதற்காகப் பயணிகள் எழுந்து நிற்பார்கள். நீங்களும் பாருங்கள். ஆனால், கீழே நங்கூரமிட்டு நிற்கும் படகுகளையும் ஒரு முறை பாருங்கள். அவற்றின் பெயர்களைப் படிக்க முயலுங்கள். எத்தனை பெயர்களைப் படிக்க முடிகிறது?

சென்ற மாதம் நான் அப்படிப் பார்த்தேன். பச்சை, நீலம், சிவப்பு என வண்ணங்கள் கண்ணைப் பறித்தன. பதினைந்து படகுகளுக்கு மேல் எண்ணினேன். பெயர் தெளிவாகத் தெரிந்தவை நான்கே! மற்றவற்றில் பூவும் கொடியும் தெரிந்தன. நட்சத்திரமும் பிறையும் தெரிந்தன. எழுத்து மட்டும் தெரியவில்லை.

பாம்பனுக்கு நான் சென்றதும் ஒரு பெயருக்காகத்தான். என் மாமா மகன் அங்கே ஒரு பழைய விசைப்படகை வாங்கி, ஏராக்கட்டை முதல் மேல்தளம் வரை செப்பனிட்டு வைத்திருந்தார். “மச்சான்! நீங்கள் எழுதுகிற ஆள். படகுக்கு ஒரு பேர் வைத்துத் தந்துவிட்டுப் போங்கள்” என்று அழைப்பு அனுப்பியிருந்தார். பிள்ளைக்குப் பெயர் வைக்க அழைத்தால் மகிழ்ச்சியோடு செல்வோம் அல்லவா? அந்த மகிழ்ச்சியோடுதான் கீழக்கரையிலிருந்து புறப்பட்டேன்.

கரையில் ஒரு காலை

மறுநாள் சுபுஹு தொழுகை முடிந்ததும் இருவரும் கடற்கரைக்கு நடந்தோம். கரையில் இழுத்து வைத்திருந்த வத்தைகளிலும், நீரில் ஆடிக்கொண்டிருந்த விசைப்படகுகளிலும் எழுதியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே சென்றோம்.

நேயர்களே! ஒரு கடற்கரையூரின் உள்ளத்தை அறிய வேண்டுமா? அவ்வூர்ப் படகுகளின் பெயர்களைப் படித்தால் போதும். ஒரு படகில் வேளாங்கண்ணி மாதா. அடுத்ததில் முனியசாமி துணை. அதற்கடுத்ததில் 786 என்ற எண்ணும் மதீனாவின் பச்சைக் குவிமாடமும். ஒருவர் தம் தாயின் பெயரை எழுதியிருந்தார். இன்னொருவர் மூன்று பிள்ளைகளின் பெயர்களையும் ஒரே வரியில் நெருக்கியிருந்தார். கடன் தீர்ந்த நன்றிக்கு ஒரு பெயர், மறைந்த தந்தையின் நினைவுக்கு ஒரு பெயர் என, சொந்தக்காரரின் வாழ்க்கை முழுவதும் அணியத்துப் பலகையில் எழுதப்பட்டிருந்தது. படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொல்வது நம் கடலோரத்துப் பழந்தமிழ் வழக்கு.

நம் மச்சானும் ஒரு பெயரை மனத்தில் வைத்திருந்தார். காலஞ்சென்ற தம் தந்தையாரின் முழுப்பெயர், அதற்கு முன்னால் ‘ஹாஜி’, பின்னால் ‘நினைவு’, அதற்கும் மேலே அரபு எழுத்தில் இறைநாமம். எல்லாவற்றையும் சுற்றி ஒரு பூங்கொடி. “பார்க்கிறவர்கள் அசந்துபோக வேண்டும்” என்றார்.

“பார்க்கிறவர்கள் படிக்க வேண்டாமா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் குடும்பத்தில் படிக்க முடியாமற்போன ஒரு பெயரின் கதை இருக்கிறது. அதை அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

இரண்டு எழுத்துகள்

என் பாட்டனாரின் தமையனார் தோணித் தொழிலாளி. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிச் செல்லும் பாய்மரத் தோணி ஒன்றில் வேலை பார்த்தார். நாடு விடுதலை பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஓர் ஐப்பசி மாதத்தில் அவர் சென்ற தோணி திரும்பவில்லை. புயலடித்த செய்தி மட்டும் வந்தது.

சில வாரங்கள் கழித்து மன்னார்க் கரையிலிருந்து ஒரு வணிகர் கடிதம் எழுதினார். அலையில் ஒரு பலகை ஒதுங்கியிருப்பதாகவும், அதில் பூவேலைப்பாட்டுக்கு நடுவே எழுத்துகள் இருப்பதாகவும், முன்னெழுத்துகளின் மீது கீல் பூசப்பட்டிருப்பதால் கடைசி இரண்டு எழுத்துகளை மட்டுமே படிக்க முடிவதாகவும் தெரிவித்திருந்தார். அந்த எழுத்துகள் ‘னியா’.

அந்த வாரம் கடலில் இருந்த தோணிகளில் ஒன்றின் பெயர் ‘ஹஸனியா’. இன்னொன்றின் பெயர் ‘ஹுஸைனியா’. இரண்டும் கரை சேரவில்லை. பெயர் எழுதப்பட்டிருந்தது ஒரே ஒரு பலகையில். அமரத்தில் எழுதவில்லை; பக்கவாட்டில் எழுதவில்லை.

நேயர்களே! அந்த இரு வீடுகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். எங்கள் பெரிய உம்மும்மாவுக்கு அப்போது வயது இருபதுகூட நிறையவில்லை. மையித்து இல்லை, கண்டவர் இல்லை, சாட்சி இல்லை. அவர் மனைவியா, கைம்பெண்ணா? இத்தாவில் அமர வேண்டுமா, கணவர் வருவார் என்று விளக்கேற்றி வைக்க வேண்டுமா? ஊர்ப் பெரியவர்களிடமும் ஆலிம்களிடமும் கேட்டார்கள். “உறுதியான செய்தி வரட்டும், பொறுத்திருங்கள்” என்பதே பதிலாக இருந்தது. அதைத் தவிர அவர்களால் என்ன சொல்ல முடியும்? மறுதெருவில் இன்னொரு வீட்டிலும் இன்னொரு பெண் இதே போல் வாசலைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

நாற்பத்தேழு நாள்கள் கழித்து, பாய்மரம் முறிந்த நிலையில் யாழ்ப்பாணக் கரையில் ஒதுங்கியிருந்த ‘ஹுஸைனியா’வின் ஆட்கள் ஊர் திரும்பினார்கள். அந்த வீட்டில் அழுகை நின்ற அதே நாழிகையில் எங்கள் வீட்டில் அழுகை தொடங்கியது. முதலில் ஓடி வந்து எங்கள் பெரிய உம்மும்மாவின் கையைப் பற்றிக்கொண்டவர் அந்த மறுதெருப் பெண்தானாம். அன்றுதான் அவர் இத்தாவில் அமர்ந்தார்.

மரணம் அல்லாஹ்வின் விதி. அதைப் பெயரெழுத்து தடுத்திருக்காது. ஆனால் அந்த நாற்பத்தேழு நாள்கள்? இரு வீடுகளைத் தராசில் ஏற்றித் தொங்கவிட்டது எது? தோணிக்குக் கீல் பூசியவர் எழுத்தின் மீதும் ஒரு கை இழுத்துவிட்டார், அவ்வளவுதான்.

மச்சான் நெடுநேரம் பேசவில்லை. “அந்தக் கடிதம் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார். இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெட்டகத்தில், நிலப்பத்திரங்களுக்கு அடியில்.

பெயரிடுதல் என்னும் பண்பு

பெயர் வைப்பது நமக்குப் புதிதன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் உடைமைகளைக்கூடப் பெயரிட்டே அழைத்தார்கள். அவர்களுடைய ஒட்டகம் ‘கஸ்வா’, கோவேறு கழுதை ‘துல்துல்’, வாள் ‘துல்ஃபிகார்’. ‘மாறு செய்பவள்’ எனப் பொருள்படும் பெயர் கொண்டிருந்த பெண்மணிக்கு ‘ஜமீலா’ என்று அழகிய பெயர் சூட்டினார்கள். பெயரின் பொருளை அவர்கள் கருத்தில் கொண்டார்கள் என்பதற்கு இது சான்று.

நூஹ் (அலை) அவர்களின் கப்பலைத் திருக்குர்ஆன் பலகைகளாலும் ஆணிகளாலும் ஆனது என்று குறிப்பிடுகிறது. அல்லாஹ்வின் பெயரால் அதில் ஏறச் சொன்ன செய்தியும் அதில் உண்டு. ஆனால் அந்தக் கப்பலுக்கு ஒரு பெயர் கூறப்படவில்லை. அந்த வெள்ளத்தில் வேறு கப்பல் ஏது, பெயரால் பிரித்தறிய? ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கும் இடத்தில்தான் பெயர் தேவைப்படுகிறது. ஒரே துறையில் நூறு படகுகள் நிற்கும்போது, பெயரும் அந்த நூறிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது பெயராகாது.

நம் குடும்பங்களில் கப்பல்களின் பெயர்கள் உறவினரின் பெயர்கள் போலவே புழங்கின. 1926 முதல் 1973 வரை சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூர்த் துறைகளோடு இணைத்த ‘ரஜூலா’வை நாகூர், காரைக்கால் பகுதிப் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. 1995இல் கடல்வழி ஹஜ் பயணம் நிறுத்தப்படும் வரை பம்பாயிலிருந்து ஹாஜிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களுள் ‘அக்பர்’ என்ற பெயர் பலருடைய நாவில் நின்றது. சுருக்கமான பெயர்கள், எளிய பெயர்கள். எழுத்தறியாத மூதாட்டிகளும் பிழையின்றிச் சொன்ன பெயர்கள்!

அளவு என்ன, இடம் எது?

பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதைச் சட்டமும் நெடுங்காலமாக வற்புறுத்தி வந்திருக்கிறது. 1894ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டம், கப்பலின் பெயரை முன்பக்கத்தின் இரு புறங்களிலும், பெயரோடு பதிவுத் துறைமுகத்தின் பெயரைப் பின்பக்கத்திலும் எழுதப் பணித்தது. கரிய பின்னணியில் வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்து. வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து. உயரம் நான்கு அங்குலத்திற்குக் குறையக் கூடாது என்பது விதி.

மீன்பிடிக் கலங்களின் அடையாளக் குறிகளுக்கென உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1989இல் ஓர் அளவுமுறையை ஏற்றது. ஐந்து மீட்டருக்குக் குறைவான படகில் எழுத்தின் உயரம் 10 செண்டிமீட்டர். ஐந்து முதல் பன்னிரண்டு மீட்டருக்குள் 30 செண்டிமீட்டர். பன்னிரண்டு முதல் பதினைந்துக்குள் 40. அதற்கு மேல் படகு நீள நீள எழுத்தும் உயர்ந்து, இருபத்தைந்து மீட்டரை எட்டிய கலத்திற்கு முழுதாக ஒரு மீட்டர்! எழுத்துக் கோட்டின் தடிப்பு உயரத்தில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும். கறுப்பில் வெள்ளை அல்லது வெள்ளையில் கறுப்பு. பூவுக்கும் கொடிக்கும் அங்கே இடமில்லை.

நம் தமிழகப் படகுகளுக்கு அரசு பதிவெண் வழங்குகிறது. இராமநாதபுரம் மாவட்ட விசைப்படகின் எண் ஐ.என்.டி., டி.என்., 10, எம்.எம். என்று தொடங்கும். நாடு, மாநிலம், மாவட்டம், படகின் வகை என நான்கையும் அது சொல்லிவிடுகிறது. “எண் இருக்கும்போது பெயர் எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். அதிகாரிக்கு எண் போதும். கரையில் காத்திருக்கும் தாய்க்கும் மனைவிக்கும் எண்ணா நினைவிருக்கும்? 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைக் கலக்கியபோது, ஆழ்கடலில் இருந்த படகுகள் லட்சத்தீவு, மகாராஷ்டிரம், குஜராத் வரை சென்று ஒதுங்கின. அந்நாள்களில் கடற்கரை ஊர்களில் எழுந்த முதல் கேள்வி, “எந்தப் படகு?” என்பதுதான்.

ஆகவே, படகு வைத்திருக்கும் குடும்பத்தினருக்குச் சில வார்த்தைகள்:

ஒன்று: பெயர் சுருக்கமாக இருக்கட்டும். ஆபத்து நேரத்தில் வானொலிக் கருவியில் ‘மேடே’ என்று மும்முறை கூவி, படகின் பெயரையும் மும்முறை சொல்ல வேண்டும் என்பது கடல் வழக்கு. இரைச்சலிலும் நடுக்கத்திலும் நான்கு சொல் கொண்ட பெயரை மூன்று முறை சொல்ல எவருக்கு மூச்சு இருக்கும்?

இரண்டு: அதே துறையில் அதே பெயரோ, ஒலியில் நெருங்கிய பெயரோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் விட்டுவிடுங்கள்.

மூன்று: அணியத்தின் இரு பக்கங்களிலும், அமரத்திலும், மேற்கூரையிலும் எழுதுங்கள். கடலோரக் காவல்படையினர் விமானத்திலிருந்தும் தேடுகிறார்கள். வானிலிருந்து பார்ப்பவருக்குக் கூரை மட்டுமே தெரியும்.

நான்கு: தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள். பதிவுச் சான்றில் உள்ள அதே எழுத்துக்கூட்டல் படகிலும் இருக்கட்டும். அரபு எழுத்து நமக்கு உயிரினும் மேலானது. ஆனால் காப்பாற்ற வருகிறவருக்கு அதைப் படிக்கத் தெரிய வேண்டுமே!

ஐந்து: ஆண்டுதோறும் சாயம் பூசும்போது பெயரை மறவாமல் புதுப்பியுங்கள்.

இறைநாமம் எங்கே?

இனி, பலரும் கேட்கத் தயங்கும் ஒரு கேள்வி. படகின் வெளிப்பலகையில் இறைநாமத்தை எழுதலாமா? இது குறித்துத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. உங்கள் ஊர் ஆலிம்களைக் கேளுங்கள். கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். அணியத்தில் நங்கூரக் கயிறு உரசுகிறது. வலை இழுக்கிறவர் கால் வைத்து ஏறுகிறார். மீன் கழுவிய நீர் அதன் மீதே வழிகிறது. பழைய படகை உடைக்கும்போது அந்தப் பலகை அடுப்புக்குப் போனாலும் போகும். இதை நான் எடுத்துரைத்தபோது மச்சான் தாமாகவே, “சுக்கான் அறைக்குள் உயரத்தில் எழுதி வைத்துக்கொள்கிறேன். பார்த்து ஓதிக்கொள்ள எனக்கும் வசதி” என்றார். அது நல்ல முடிவென்றே எனக்குப் பட்டது.

நான்கே எழுத்துகள்

அன்று மாலை வீட்டுத் திண்ணையில் எல்லோரும் கூடிப் பெயர் தேடினோம். சிறுவர்கள் பல பெயர்களைச் சொன்னார்கள். ஒன்று ஏற்கெனவே துறையில் மூன்று படகுகளுக்கு இருந்தது. இன்னொன்று வாய்க்குள் நுழையவில்லை. கடைசியில், அடுப்படியிலிருந்து மாமியின் குரல் வந்தது.

“பிள்ளை கடலுக்குப் போகும்போதெல்லாம் நான் என்ன சொல்லி அனுப்புகிறேன்? சலாமத்தா போய் சலாமத்தா வா என்றுதானே? அதையே வைத்தால் என்ன?”

சலாமத்! நலம், பாதுகாப்பு என்னும் பொருள். நம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் சொல். துறையில் விசாரித்தோம், அப்பெயரில் வேறு படகில்லை. காலஞ்சென்ற மாமாவின் பெயரை என்ன செய்வது என்று மச்சான் தயங்கினார். “அந்தப் பெயர் சொல்ல நீ இருக்கிறாய், அது போதும்” என்று மாமி சொல்லிவிட்டார்.

பெயர் எழுத வந்தவர் வேளாங்கண்ணி மாதா படகுக்கும் எழுதியவர்தான். “சலாமத்து… நல்லா இருக்கே! கூப்பிட லேசா இருக்கு” என்று ஒரே மூச்சில் சொன்னார். ‘ஸ’ போடுவதா, ‘ச’ போடுவதா என்று ஒரு சிறு விவாதம் நடந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ‘ஸ’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று அவர் தம் அனுபவத்தைச் சொன்னார், ‘ச’ வென்றது. நாற்பத்தைந்து அடிப் படகு. அளவுமுறைப்படி நாற்பது செண்டிமீட்டர் உயரம் வைத்தோம். கருநீலப் பலகையில் வெள்ளை எழுத்து. ‘லா’வின் கால் தனியே நிற்கும்படி இடம் விட்டார். ‘த்’தின் புள்ளியைப் பழைய வெள்ளி ரூபாய் அளவுக்கு வட்டமாக வைத்தார். “புள்ளி அழிஞ்சா பேரே மாறிப்போகும் ஐயா” என்றார். பூங்கொடி கேட்ட மச்சானின் ஆசையையும் நாங்கள் ஒரேயடியாகத் தள்ளவில்லை. எழுத்துக்கு எட்டாத தூரத்தில், உட்பக்கப் பலகையில், வேண்டுமட்டும் வரைந்துகொள்ளச் சொன்னோம்!

அடுத்த நாள் பேருந்தில் ஊர் திரும்பினேன். சாலைப் பாலத்தில் போக்குவரத்து சற்றுத் தேங்கியது. சன்னல் வழியே கீழே பார்த்தேன். அந்த வண்ணக் கூட்டத்தின் நடுவே, கருநீலத்தில் வெள்ளையாக, நான்கு எழுத்துகள் தெரிந்தன. என் பக்கத்து இருக்கையில் வெளியூர்ச் சிறுவன் ஒருவன். நான் எதுவும் சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டிக் காட்டினேன். அவன் கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டிப் படித்தான்: “ச… லா… மத்.”

எனக்கு அது போதுமானதாக இருந்தது.

உங்கள் குடும்பத்தில் படகு உண்டா? இல்லையெனில் உங்கள் ஊரில் யாரேனும் ஒரு பெயர் தேடிக்கொண்டிருக்கிறாரா? இந்த ஒரு செய்தியை அவரிடம் சேர்த்துவிடுங்கள். அதை என்றோ ஒரு நாள், எங்கோ ஒரு கரையில், நம்மை அறியாத ஒருவர் படித்துச் சொல்ல வேண்டியிருக்கலாம். அவருக்குப் புரியும்படி எழுதுங்கள்.

கடலில் இருக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும், எல்லா ஊர்ப் பிள்ளைகளையும், அல்லாஹ் சலாமத்தாகக் கரை சேர்ப்பானாக! ஆமீன்.